சென்சாரைக் கழற்றுவதற்கு முன்: கார்ப் பட்டறை மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்தின் சிறு, நடுத்தரக் கார்ப் பட்டறைகளில் பணிபுரியும் மெக்கானிக்குகளுக்கும், ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கும், அவர்களிடம் தொழில் பழகிவரும் இளைஞர்களுக்கும்,



மைலேஜ் குறைந்துவிட்டது என்ற புகாருடன் வந்து நிற்கும் பெட்ரோல் காரில் ஸ்கேனரை மாட்டியவுடன் ஆக்சிஜன் சென்சாரின் பெயரைத் தாங்கிய எரர் கோடு ஒன்று தென்பட்டால், மேற்கொண்டு எதையும் பார்க்காமல் அந்தச் சென்சாரை மாற்றிவிடும் பழக்கம் பல பட்டறைகளில் வேரூன்றிவிட்டது. மாற்றிய பின்னும் மைலேஜ் திரும்பாமல் வாடிக்கையாளர் சில வாரங்களில் அதே புகாருடன் வருவதும், சந்தேகம் இன்ஜெக்டருக்கும் அங்கிருந்து இன்ஜினை ஆளும் கணினியான இசிஎம்முக்கும் தாவுவதும், ஒவ்வொரு தாவலிலும் செலவு ஏறுவதும் தொழிலில் இருப்பவர்கள் நன்கு அறிந்தவை. இம்மடல் வலியுறுத்துவது ஒன்றே: ஆக்சிஜன் சென்சார் பெரும்பாலும் சாட்சியாகவே இருக்கிறது, அது சொல்வது பொய்யென்று இன்னொரு சாட்சியைக் கொண்டு நிறுவாத வரையில் அதைக் குற்றவாளியாக்கக் கூடாது. அப்படி நிறுவுவதற்குத் தேவையான கருவிகள் எவையும் பெரிய சர்வீஸ் சென்டர்களின் தனிச்சொத்து அல்ல.

சென்சாரின் மீது இத்தனை எளிதில் பழி விழுவதற்குக் காரணம் உண்டு. பழுதான ஆக்சிஜன் சென்சார் போன்ற கடுமையான கோளாறைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரை உயரக்கூடும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன அறிவுரை ஒன்று சொல்லிவந்தது. உச்ச வரம்பாகச் சொல்லப்பட்ட அந்த எண், எல்லாக் கார்களுக்கும் கிடைக்கக்கூடிய பலன் போலப் புரிந்துகொள்ளப்பட்டுவிட்டது. ஆனால் இசிஎம், சென்சாரின் பேச்சைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் தனக்கென்று ஓர் எல்லை வைத்திருக்கிறது. பல கார்களில் அந்த எல்லை 25 சதவீதத்தை ஒட்டி அமைந்திருக்கும். அதைத் தொட்டதும் இசிஎம் எரர் கோடு பதிந்துவிட்டு, சென்சாரை நம்புவதை நிறுத்திக்கொள்ளும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த கார் 13-க்கு இறங்கினால் சென்சாரைச் சந்தேகிப்பதில் கணக்கு இருக்கிறது. 8-க்கு இறங்கினால், சென்சாருக்கு அப்பால் வேறு ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும்.

இந்தச் சென்சார் மைலேஜுக்காக உருவாக்கப்பட்டதன்று, புகைக்காக உருவாக்கப்பட்டது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தத் தேவையோடு உண்மையில் உள்ளே போன காற்றை ஒப்பிட்டுச் சொல்லும் எண்தான் லாம்டா. அது 1-க்குக் கீழே இருந்தால் பெட்ரோல் மிகுதி, அதாவது ரிச். மேலே இருந்தால் காற்று மிகுதி, அதாவது லீன். கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஒருசேரக் குறைக்க வேண்டுமானால், லாம்டா 1-ஐ ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள் கலவை நிற்க வேண்டும். அதற்கென போஷ் நிறுவனம் உருவாக்கிய லாம்டா சென்சார் 1976-இல் உற்பத்திக்கு வந்து, அமெரிக்கச் சந்தைக்கான வால்வோ கார்களில் முதலில் பொருத்தப்பட்டது. இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமாயிற்று. கன்வர்ட்டரையும் சென்சாரையும் ஒருங்கே நஞ்சூட்டும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. ஆகவே, சென்சாரைத் தவறாகக் கையாள்வது பெட்ரோல் செலவோடு முடிவதில்லை; ரிச்சாக ஓடும் காரில் எரியாமல் வரும் பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் எரிந்து, உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூட்டையே உருக்கிவிடக்கூடும். அதன் விலைக்கு முன்னால் சென்சாரின் விலை சிறிது.

சென்சாரின் முனையில் இருப்பது இட்ரியம் ஆக்சைடு சேர்த்து உறுதிப்படுத்தப்பட்ட சிர்கோனியா என்னும் பீங்கான். அதன் இரு புறமும் பிளாட்டினம் பூசப்பட்டிருக்கும். (இதே வகைப் பீங்கானைக் கொண்டுதான் ஜெர்மானிய அறிவியலாளர் வால்தெர் நெர்ன்ஸ்ட் 1897-இல் ஒரு மின்விளக்கை உருவாக்கினார், சென்சாரின் வோல்டேஜைக் கணிக்கும் சமன்பாடும் அவருடையதே.) ஏறத்தாழ 350 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறிய பிறகு இந்தப் பீங்கான் ஆக்சிஜன் அயனிகளைக் கடத்தத் தொடங்குகிறது. ஒரு புறம் வெளிக்காற்று, மறுபுறம் சைலன்சர் புகை என்றிருக்கும்போது, இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் அளவின் வேறுபாட்டால் ஒரு சிறு வோல்டேஜ் பிறக்கிறது: புகையில் ஆக்சிஜன் அநேகமாக இல்லையென்றால் 0.8 முதல் 0.9 வோல்ட், ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 அல்லது 0.2 வோல்ட். நடுவில் 0.45 வோல்ட்டை எல்லைக்கோடாக வைத்துக்கொண்டு, இசிஎம் பெட்ரோலைச் சற்றே கூட்டியும் சற்றே குறைத்தும் கலவையை 1-ஐச் சுற்றி ஊசலாடச் செய்கிறது. சென்சாரின் சொல்லைக் கேட்டு இப்படித் திருத்திக்கொண்டே ஓடும் நிலைக்கு க்ளோஸ்டு லூப் என்று பெயர். சென்சாரைக் கேளாமல் நினைவில் உள்ள அட்டவணைப்படி பெட்ரோல் ஊற்றும் நிலை ஓபன் லூப்.

இந்த விளக்கத்தில் பட்டறைக்கு மிக முக்கியமான செய்தி, சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை, ஆக்சிஜனை மட்டுமே அளக்கிறது என்பதாகும். ஒரு சிலிண்டரில் பிளக்கோ காயிலோ பழுதாகி மிஸ்ஸிங் ஏற்பட்டால், அந்தச் சிலிண்டருக்குள் போன பெட்ரோலும் எரியவில்லை, காற்றும் எரியவில்லை. இரண்டும் அப்படியே சைலன்சருக்குள் வருகின்றன. பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைக்கும் அந்தப் புகையில் சென்சாரின் கண்ணுக்குத் தெரிவது மிஞ்சிய ஆக்சிஜன் மட்டுமே. ஆகவே அது லீன் என்கிறது, இசிஎம்மும் எல்லாச் சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலோ, மேனிஃபோல்டில் விழுந்த மயிரிழை விரிசலிலோ கசிவு இருந்தால், புகை துடிப்புத் துடிப்பாக வெளியேறும்போது துடிப்புகளுக்கு இடையே உண்டாகும் உள்ளிழுப்பு வெளிக்காற்றைக் குழாய்க்குள் கொண்டுவருகிறது. சென்சார் அப்போதும் லீன் என்றே சொல்கிறது. இவ்விரு நிலைகளிலும் சென்சார் தன் கண்முன் உள்ளதைச் சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றிப் புதியதை மாட்டினால், புதியதும் அதையே சொல்லும்.

எனவே சோதனை தொடங்க வேண்டிய இடம் எரிபொருள் திருத்தம், அதாவது ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் என்று காட்டப்படும் எண். அட்டவணையில் உள்ள அளவைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலை இசிஎம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதையே அது சொல்கிறது. நொடிக்கு நொடி மாறுவது ஷார்ட் டெர்ம், பல பயணங்களில் கற்று நினைவில் வைத்திருப்பது லாங் டெர்ம். இரண்டையும் கூட்டி வரும் தொகை கூட்டலிலோ கழித்தலிலோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. இந்த எண்களை எழுதிக்கொள்ளாமல் எரர் கோடை அழித்துவிடுவது பட்டறைகளில் நடக்கும் பெரிய இழப்பு. கோடை அழிக்கும்போது, கோளாறு நிகழ்ந்த கணத்தின் வேகம், வெப்பநிலை, ட்ரிம் ஆகியவற்றை இசிஎம் பதிந்துவைத்த ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலும் போய்விடுகிறது, பல கார்களில் கற்ற திருத்தமும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது. இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த பெட்ரோல் கார்களில் ஓபிடி 2 கட்டாயம் என்பதால், விலை குறைந்த ஸ்கேனரில்கூட இந்த எண்களைக் காணலாம்.

மைலேஜ் புகார் உள்ள காரில் ட்ரிம் கழித்தல் 20 என்று நின்றால், இசிஎம் பெட்ரோலைக் குறைக்கப் பெரும்பாடு படுகிறது என்று பொருள். அங்கே சென்சார் பெரும்பாலும் நிரபராதி. அது பொய்யாக ரிச் என்று சொல்லியிருந்தால் இன்ஜின் லீனாகி ஜெர்க் அடித்து, பிக்கப் இழந்திருக்குமே தவிர, பிளக் கறுத்து, பெட்ரோல் கூடுதலாகச் செலவாகியிருக்காது. தேட வேண்டியவை சொட்டும் இன்ஜெக்டர், அளவு மீறிய ஃப்யூயல் பிரஷர், மூடாமல் நிற்கும் பர்ஜ் வால்வு, தவறாகப் படிக்கும் மேப் சென்சார், பெட்ரோல் கலந்து நீர்த்துப்போன இன்ஜின் ஆயில் ஆகியவையே. ஆயில் கேஜ் குச்சியை முகர்ந்து பார்ப்பது இங்கே நல்ல சோதனை.

ட்ரிம் கூட்டல் 20 அல்லது அதற்கு மேல் நிற்கும் கார்தான் உண்மையில் சிக்கலானது. அதற்கு மூன்று விளக்கங்கள் சாத்தியம். இன்ஜினுக்கு மெய்யாகவே பெட்ரோல் போதாமல், பலவீனமான பம்பையோ அடைத்த இன்ஜெக்டரையோ ஈடுகட்ட இசிஎம் கூட்டியிருக்கலாம்; சென்சார் பொய்யாக லீன் என்று சொல்லியிருக்கலாம்; அல்லது மேலே கண்ட மிஸ்ஸிங்கோ எக்ஸாஸ்ட் கசிவோ இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய இன்னொரு சாட்சி தேவை, அது ஊர்தோறும் இருக்கிறது: புகைப் பரிசோதனை மையம். சான்றிதழுக்காக மட்டுமே அங்கே போக வேண்டும் என்பதில்லை. பிஎஸ் 4 முதற்கொண்டு வந்த பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும் ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்மையும் தாண்டக் கூடாது என்பதும், 2500 ஆர்பிஎம்மை ஒட்டிய வேகத்தில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள்ளும் லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் இடையிலும் இருக்க வேண்டும் என்பதும் விதி. அந்தக் கருவி காட்டும் லாம்டா, நான்கு வாயுக்களின் அளவிலிருந்து கணக்கிடப்படுவது. காரின் சென்சாரை அது எவ்வகையிலும் சார்ந்திருப்பதில்லை. கன்வர்ட்டர் வாயுக்களை ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்றினாலும் மொத்த ஆக்சிஜன் கணக்கு மாறுவதில்லை என்பதால், பின்குழாயில் அளந்தாலும் அந்த எண் செல்லும்.

இனி ட்ரிம், பின்குழாய் லாம்டா ஆகிய இரு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ட்ரிம் கூட்டல் 22, பின்குழாயில் லாம்டா 1.00, கார்பன் மோனாக்சைடு பூஜ்யத்தை ஒட்டி என்றால், சென்சாரின் சொல்லும் கருவியின் சொல்லும் ஒத்துப்போகின்றன. கூட்டிய பெட்ரோல் இன்ஜினுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. ட்ரிம் கூட்டல் 22, லாம்டா 0.88, கார்பன் மோனாக்சைடு பல மடங்கு மிகுதி, பிளக் கரிபிடித்து இருக்கிறது என்றால், ரிச்சாக ஓடும் இன்ஜினைச் சென்சார் லீன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பழி இப்போது நியாயமாகவே சென்சாரின்மீதும் அதன் வயரிங்கின்மீதும் விழுகிறது. ஆனால் கசிவின் விஷயத்தில் பரிசோதனைக் கருவியும் ஏமாறும் என்பதை மறக்கக் கூடாது: கசிவு வழியே புகுந்த காற்றும் பின்குழாய்ப் புகையோடு சேர்ந்தே வருவதாலும், அந்தக் காற்றையும் சேர்த்தே இசிஎம் லாம்டாவை 1-க்குக் கொண்டுவருவதாலும், எண்கள் சுத்தமாகத் தோன்றும். மிஸ்ஸிங்கிலும் லாம்டா 1-ஐ ஒட்டி நிற்கலாம், அங்கே காட்டிக்கொடுப்பது எகிறி நிற்கும் ஹைட்ரோகார்பன். கசிவை ட்ரிம்மின் நடத்தையே காட்டிக்கொடுக்கும்: ஐட்லிங்கில் கூட்டல் 22 ஆக இருந்தது 2500 ஆர்பிஎம்மில் கூட்டல் 6 ஆக இறங்கினால், புகையோட்டம் பெருகும்போது புகும் காற்றின் பங்கு சிறுத்துப்போகிறது என்று ஊகிக்கலாம். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மேனிஃபோல்டு பக்கம் கேட்கும் டிக் டிக் ஓசையும், சூடேறியதும் உலோகம் விரிந்து அது அடங்கிப்போவதும், கேஸ்கெட் ஓரத்தில் மை தீட்டியது போலப் படிந்திருக்கும் கரிக்கோடும் அந்த ஊகத்தை உறுதிசெய்யும்.

இன்டேக் பக்கக் கசிவும் ஐட்லிங்கில் ட்ரிம்மைக் கூட்டும் என்று எல்லாப் பாடங்களும் சொல்கின்றன. ஆனால் அது காற்றோட்டத்தை அளக்கும் மாஸ் சென்சார் உள்ள கார்களுக்கே முழுமையாகப் பொருந்தும். இந்தியச் சாலைகளில் ஓடும் பல சிறு கார்கள் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடுபவை. அவற்றில் வேக்குவம் ஹோஸ் கிழிந்து புகும் காற்று அழுத்தத்தை உயர்த்த, இசிஎம் அதையும் கணக்கில் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றுகிறது. ட்ரிம் பெரிதாக மாறாமல் ஐட்லிங் மட்டும் ஏறி நிற்கும்.

ட்ரிம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தும் மைலேஜ் இல்லை என்றால், முதலில் கார் க்ளோஸ்டு லூப்பில்தான் ஓடுகிறதா என்று ஸ்கேனரில் பார்க்க வேண்டும். ஓபன் லூப்பிலேயே நிற்கும் காரில் ஷார்ட் டெர்ம் பூஜ்யமாகத்தான் தெரியும். இந்த இடத்தில் தெர்மோஸ்டாட்டைப் பற்றிச் சொல்லாமல் கடக்க முடியாது. வெயில் கொளுத்தும் ஊரில் தெர்மோஸ்டாட் எதற்கு என்று அதைக் கழற்றி எறியும் பழக்கம் இன்னும் மறையவில்லை. எண்பது டிகிரிக்கு மேல் திறக்க வேண்டிய அது இல்லாத காரில், கூலன்ட் நிற்காமல் ரேடியேட்டர் வழியே சுற்றிக்கொண்டேயிருக்க, நெடுஞ்சாலை ஓட்டத்தில் இன்ஜின் வெப்பம் 60, 65 டிகிரியிலேயே தங்கிவிடுகிறது. இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று கருதும் இசிஎம், குளிர் இன்ஜினுக்குரிய கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டேயிருக்கிறது. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் தவறாகக் குளிர் காட்டினாலும் விளைவு இதுவே. ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தை ஒருமுறை பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. க்ளோஸ்டு லூப்பும் சரி, வெப்பமும் சரி என்றால், ஒட்டிப்பிடிக்கும் பிரேக், காற்று குறைந்த டயர், வழுக்கும் கிளட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் மைலேஜ் புகார்களைக் கலைத்துப்போட்டிருக்கும் இன்னொரு காரணம் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 2023-இல் படிப்படியாக வரத் தொடங்கிய அது இப்போது நாடெங்கும் பொதுவாகக் கிடைக்கும் பெட்ரோலாகிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்றே போதும். இ10 பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.1 ஆக இருக்கும் விகிதம், இ20-க்கு 13.5-ஐ ஒட்டி இறங்குகிறது. ஆகவே, இ10-க்கு அளவமைக்கப்பட்ட காரில் இ20 ஊற்றினால் ட்ரிம் ஏறத்தாழ 4 சதவீதமும், கலப்பில்லாத பெட்ரோலுக்கு அளவமைக்கப்பட்ட பழைய காரில் 7 அல்லது 8 சதவீதமும் கூட்டல் பக்கம் நகர்வது இயல்பு. அதைக் கண்டு சென்சாரையோ இன்ஜெக்டரையோ சந்தேகிப்பதற்கு இடமில்லை. எத்தனாலின் ஆற்றல் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிடக் குறைவு என்பதால் மைலேஜும் ஓரளவு குறையவே செய்யும்: கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு அளவமைத்த நான்கு சக்கர வாகனங்களில் இழப்பு 6 முதல் 7 சதவீதம் என்றும், இ10-க்காக வடிவமைத்து இ20-க்கு அளவமைத்தவற்றில் 1 முதல் 2 சதவீதம் என்றும் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கை 2021-இலேயே மதிப்பிட்டிருந்தது. இந்த அளவு இழப்போடு வரும் வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லித் திருப்பி அனுப்புவதே தொழில் நேர்மை. அவர் ஓட்டும் காரின் மைலேஜ் மெய்யாகவே எவ்வளவு என்பதை, டேங்கை ஃபுல் செய்து ஓட்டி மறுபடி ஃபுல் செய்து கணக்கிடச் சொல்வதும், டேஷ்போர்டு காட்டும் எண்ணை மட்டும் நம்பாதிருப்பதும் அதற்கு முன்னரே செய்ய வேண்டியவை.

பழி சென்சாரின்மீது நியாயமாகவே விழுந்த பிறகு, சென்சாரையே நேரடியாகச் சோதிக்கலாம். சிர்கோனியா சென்சாருக்கு, 10 மெகாஓம் உள்தடை கொண்ட டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் போதும். முள் நகரும் அனலாக் மீட்டர் கூடாது. இன்ஜின் நன்றாகச் சூடேறி 2000, 2500 ஆர்பிஎம்மில் நிற்கும்போது சிக்னல் வயரில் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விடாமல் ஏறி இறங்க வேண்டும். மல்ட்டிமீட்டர் சராசரியைக் காட்டும் கருவி என்பதால் முழு வீச்சையும் அதில் காண முடியாது. ஆஸிலோஸ்கோப் இருந்தால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் எடுத்துக்கொள்ளும் நேரத்தையே பார்த்து, மந்தமான சென்சாரை அடையாளம் காணலாம். 0.45-இல் அசையாமல் நின்றால், பல கார்களில் அது இசிஎம் தானே அனுப்பும் வோல்டேஜ். சென்சார் சூடேறவில்லை அல்லது வயர் அறுந்திருக்கிறது என்று பொருள். 0.1-இலேயே நிற்கும் சென்சாரைக் கழற்றுவதற்கு முன் கலவையை வேண்டுமென்றே ரிச்சாக்கிப் பார்ப்பதுதான் தீர்ப்புச் சோதனை: ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்துவிட்டால் ஒரு கணம் கலவை ரிச்சாகும், அப்போது வோல்டேஜ் 0.8-ஐத் தாண்டி எழுந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது, கோளாறு வேறிடத்தில். எழாமல் கிடந்தால் சென்சாரை மாற்றலாம். அதேபோல ஒரு வேக்குவம் ஹோஸைக் கழற்றி லீனாக்கினால் சில கணங்களுக்கேனும் 0.2-க்குக் கீழே விழ வேண்டும்.

ஹீட்டர் கோளாறுக்கான பி0135 போன்ற கோடு வந்தால், ஃப்யூஸைப் பார்க்காமல் சென்சாரை விலைக்கு வாங்குவது வீண். அடுத்து ஹீட்டர் வயர்கள்; நான்கு வயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் பெரும்பாலும் ஹீட்டருக்கானவை. அவற்றுக்கிடையே தடை பொதுவாகச் சில ஓம்களிலிருந்து பதினைந்து ஓம் வரை இருக்கும், சரியான அளவு காருக்குக் கார் மாறும்; மீட்டரில் முடிவிலி காட்டினால் ஹீட்டர் எரிந்துவிட்டது. ஆனால் மீட்டர் வைப்பதற்கு முன் வயரைக் கையால் தடவிக்கொண்டே சென்சாரிலிருந்து கப்ளர் வரை, கப்ளரிலிருந்து மேலே வரை போக வேண்டும். நிறுத்திவைத்த காரின் பானெட்டுக்குள் இரவில் குடிபுகும் எலிக்கு வயரின் மேல்தோல் பிடித்தமான தீனி; மூன்று வயர் நன்றாக இருந்து நான்காவதில் பல் பதிந்த ஓரிடத்தில் மட்டும் செம்பு மின்னுவதை, சுருள்குழாய் உறையைப் பிரித்துப் பார்த்தால்தான் காண முடியும். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் கப்ளருக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்பிஜி கிட் பொருத்திய பழைய கார்களில் சென்சார் சிக்னலைப் போலிசெய்து இசிஎம்முக்கு அனுப்பும் எமுலேட்டர் ஒன்று வயரிங்கின் நடுவே ஒளிந்திருப்பதும் உண்டு. அது கெட்டுப்போனால் பெட்ரோலில் ஓடும்போதும் பொய் பேசும்.

அறுந்த வயரைச் சால்டர் வைத்து ஒட்டுவது இங்கே மட்டும் தவறு. பல சென்சார்களில் ஒப்பீட்டுக்குத் தேவையான வெளிக்காற்று வயர் இழைகளின் இடைவெளி வழியாகவே உள்ளே போகிறது. சால்டர் அந்த வழியை அடைத்துவிடும். கப்ளருக்குள் கிரீஸோ கான்டாக்ட் கிளீனரோ அடிப்பதும் அதே காரணத்தால் கூடாது. ஒப்பீட்டுக் காற்று கெட்டால் வோல்டேஜ் விழும், விழுந்த வோல்டேஜ் லீன் என்று படிக்கப்படும், பெட்ரோல் கூடும். பழுது பார்த்ததே பழுதாகிவிடும்.

கழற்றிய சென்சாரின் முனையையும் படிக்க வேண்டும். பொடிக்கரி ரிச்சைக் காட்டுகிறது. வெள்ளைப் படிவு, தவறான சிலிகான் சீலன்ட் பயன்படுத்தியதையோ கூலன்ட் எரிவதையோ காட்டக்கூடும். ஆயில் எரியும் இன்ஜினில் சாம்பல் படியும். இவற்றின் மூலத்தைச் சரிசெய்யாமல் மாட்டும் புதிய சென்சாரும் அதே வழியில் சாகும். ஹீட்டர் இல்லாத பழைய வகை 50,000 முதல் 80,000 கிலோமீட்டர் வரையிலும், ஹீட்டர் உள்ளவை 1,60,000 கிலோமீட்டர் வரையிலும் உழைக்கும் என்பது பொதுக் கணக்கு. புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கிடைக்கும் சென்சார் எத்தனை ஓடியது என்பதை யாராலும் சொல்ல முடியாததால், மற்ற பாகங்களுக்கு எப்படியோ, இதற்கு அது பொருந்தாத இடம்.

கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சார் முதன்மையாகக் கன்வர்ட்டரைக் கண்காணிப்பதற்கானது. நல்ல காரில் அது 0.6, 0.7 வோல்ட்டை ஒட்டி அதிகம் அசையாமல் நிற்கும். அந்த அசையாமையைப் பழுதென்று கருதி மாற்றுவது தவறு. பெட்ரோல் அளவில் அதன் பங்கு மிகச் சிறியது என்பதால், மைலேஜ் புகாருக்கு இரண்டு சென்சார்களையும் சேர்த்து மாற்றுவதில் நியாயமில்லை. வைட்பேண்ட் எனப்படும் ஐந்து அல்லது ஆறு வயர் சென்சாருக்கு மேலே சொன்ன வோல்டேஜ் சோதனை எதுவும் பொருந்தாது. அதை ஸ்கேனர் காட்டும் லாம்டா எண்ணைக் கொண்டே, புகைப் பரிசோதனைக் கருவியின் எண்ணோடு ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும்.

பட்டறைத் தொழிலின் நெருக்கடிகளை அறியாமல் இம்மடல் எழுதப்படவில்லை. வாசலில் நான்கு கார்கள் நிற்கும்போது ஒன்றின் ட்ரிம்மை ஐட்லிங்கிலும் 2500 ஆர்பிஎம்மிலும் எழுதிக்கொண்டு, புகைப் பரிசோதனைக்கும் அனுப்பிவைப்பது எளிதன்று; சோதனைக்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கும் வாடிக்கையாளர், பாகத்துக்கு என்றால் மறுக்காமல் கொடுக்கிறார் என்பதும் உண்மை. ஆனால் அந்த மனநிலையை வளர்த்ததில் பட்டறைகளுக்கும் பங்குண்டு. சோதனைக்கு என்று தனியே ஒரு தொகையை வெளிப்படையாகக் கேட்டு, அதற்குரிய எண்களைத் தாளில் காட்டினால் கொடுக்க மறுப்பவர்கள் சிலராகவே இருப்பார்கள். ஆகவே, ஆக்சிஜன் சென்சார் மாற்றிய ஒவ்வொரு பில்லிலும், மாற்றுவதற்கு முன் இருந்த ட்ரிம், கூலன்ட் வெப்பம், பின்குழாய் லாம்டா, கார்பன் மோனாக்சைடு ஆகிய நான்கு எண்களையும், மாற்றிய பின் வந்த அதே நான்கு எண்களையும் எழுதி, கழற்றிய பழைய சென்சாரையும் வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்தனுப்புமாறு தமிழகப் பட்டறையினர் அனைவரையும் இம்மடல் வேண்டிக்கொள்கிறது.